லக்சபானாவின் தந்தை விமலசுரேந்திர

நோர்ட்டன் பிரிட்ஜ் வழியே போய்வரும் நம் மாணவரிடம் விமலசுரேந்திர யாரென வினவினால், "அது மின்நிலையத்தின் பெயர்" என்பர். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை இம்மலரிற் சிறிது விரித்துரைக்கின்றேன்.

டி. ஜே. விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு காலியிற் பிறந்தார். பொது வேலைத் திணைக்களத்திற் சேர்ந்து பொறியியலாளராக உயர்ந்தார். மஸ்கெலியா ஓயாப் பள்ளத்தாக்கிற் பொன் உண்டோவெனத் தேட அனுப்பப்பட்டவர், பொன்னுக்குப் பதிலாக அருவிகளைக் கண்டு சிந்தை பறிகொடுத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் சிறு நீர்மின்நிலையம் ஒன்றை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார்.

அருவியில் அவர் கண்டது யாது? நீரின் அளவும் அது விழும் உயரமும் சேர்ந்தே வலுவாகின்றன. வினாடிக்கு ஒரு கன மீற்றர் நீர் 100 மீற்றர் விழுமாயின், கணக்கின்படி ஏறத்தாழ 980 கிலோவாற்று வலு உண்டு. குழாயிலும் சுழலியிலும் ஏற்படும் இழப்புப் போகவும் பெரும்பங்கு கைக்கு வரும். களனி கங்கையாய் ஒன்றுசேருமுன் கெகல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் செங்குத்தாக இறங்குகின்றன. மழையோ இங்கே குறைவில்லாதது. எனினும் கோடையில் ஆறு மெலியும். அணையிட்டுத் தேக்கினால் ஆண்டு முழுதும் சுழலி சுழலும்.

இதனை 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். ஆட்சியாளர் செவிசாய்க்கவில்லை. 1920களில் தொடங்கிய வேலையும் பணத்தட்டுப்பாட்டால் நின்றது. ஓய்வு பெற்றபின் 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் அதனையே பேசினார். பொறியியலாளன் பேனாவை வைத்துவிட்டு வாக்குக் கேட்கும் நிலை வந்ததே என்று நான் வியப்பதுண்டு!

1950இல் லக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. கட்டுரை படித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1953இல் அவர் மறைந்தார். 1965இல் காசல்ரீ நீரால் இயங்கும் நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மூழ்கியது. கடும் வறட்சியில் அங்கிருந்த கோயில் இன்றும் தலைகாட்டும்.

நம் மலையகத்தார் ஒன்றை மறக்கலாகாது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல லக்சபானாவுக்கு முன்பே ஓடைநீரால் தம் பொறிகளைச் சுழற்றின. துரை பங்களாக்களும் ஒளிபெற்றன. உயர் அழுத்தக் கம்பிகளோ லயன் கூரைகளுக்கு மேலாகக் கொழும்பு நோக்கிச் சென்றன. அவற்றின் கீழே, லயன் அறைகளுட் பலவற்றில், அதன்பின்னும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அவ்விளக்கின் புகையிலேதான் நம் பிள்ளைகள் பாடம் படித்தார்கள்.