குளத்தில் குஞ்சு, கரையில் தாய்

எல்லையோரக் கொல்லைகளில் கோழி என்பது பெண்களின் கைக்காசு. காய்ச்சல் வந்தால் அதுவும் கணக்கில் வரும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அவ்வப்போது நடக்கும் நாடகம் இது. குளக்கரையில் ஒரு தாய்க்கோழி இறக்கையை அடித்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடும். அது அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் தண்ணீரில் நிம்மதியாக நீந்திக்கொண்டிருக்கும். அவை வாத்துக் குஞ்சுகள் என்பது கோழிக்கு மட்டும் தெரியாது.

கேரளத்து நாட்டு வாத்துகளான சாரா, செம்பல்லி இரண்டும் முட்டையிடுவதில் கெட்டி. அடைகாப்பதில் அக்கறை இல்லை. அந்த வேலை கோழியின் தலையில் விழுகிறது. கோழி முட்டை பொரிய 21 நாள். வாத்து முட்டைக்கு 28. ஒரு வாரம் கூடுதலாக உட்காரும் கோழி கணக்குக் கேட்பதில்லை. தாய் வாத்து ஈர உடம்போடு வந்து அணைத்தால் கிடைக்கும் ஈரத்துக்குப் பதிலாக, வீட்டுப் பெண்கள் முட்டைகள் மீது வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்கிறார்கள். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுவது தனிக் கதை.

பிறந்ததும் முதலில் கண்ணில் படுவதையே தாயாக நினைத்துப் பின்தொடரும் குணத்தை வாத்துக் குடும்பத்துக் குஞ்சுகளிடம் விரிவாக ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ், 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொல்லைப்புறத்தில் இது பழைய சங்கதி.

பாலக்காடும் இடுக்கியும் அடுத்தடுத்த மாவட்டங்கள் அல்ல. இரண்டுக்கும் பொது, தமிழ்நாட்டு எல்லையும் எல்லையோரத் தமிழர்களும்தான். பாலக்காடு நெல்வயல். அறுவடை முடிந்ததும் சிந்திய நெல்லும் நத்தையும் மேய, மந்தை மந்தையாக வாத்துகள் வந்து இறங்கும். இடுக்கி, ஏலமும் தேயிலையும் விளையும் மலைச்சரிவு. அங்கே கோழிதான் ராஜா. கீரியும் மரநாயும் எதிரிகள். மாலையானால் பஞ்சாரத்தில் கவிழ்க்காத கோழிக்கு மறுநாள் உத்தரவாதம் இல்லை. மொழியும் பக்கத்தில் பக்கத்தில்தான்: தமிழின் ‘தாரா’ மலையாளத்தில் ‘தாறாவு’, அடைக்கோழி மட்டும் ‘பொருந்நக்கோழி’ ஆகிவிடுகிறது.

மாடு, நிலம் ஆண் பேரில் இருக்கலாம். கோழி பெரும்பாலும் பெண்ணுடையது. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 70 முட்டைக்கு மேல் இடுவது அபூர்வம். ஆனால் தீவனச் செலவு சிந்திய சோறும் கரையானும்தான். மண்ணுத்தியில் உருவான ‘கிராமலட்சுமி’ போன்ற கலப்பினங்கள் பல மடங்கு முட்டை தருகின்றன. முட்டைக்காகவே பெருக்கப்பட்ட இனங்களில் அடைக்குணம் மங்கிவிட்டது என்பதுதான் சிக்கல். எனவே ஒரு தெருவில் நன்றாக அடைகாக்கும் கோழி ஒன்று இருந்தால் அதுதான் அந்தத் தெருவின் குஞ்சுப் பொரிப்பகம்.

இந்தப் பொரிப்பகத்துக்கு வழக்கமான எமன் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கேட் நோய். தடுப்பு மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் ஒரு குப்பி நூறு கோழிகளுக்கும் மேல் போதும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? தெருவே சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டால்தான் கட்டுப்படியாகும்.

அபூர்வமான எமன் பறவைக் காய்ச்சல். 2014, 2021, 2024 ஆண்டுகளில் ஆலப்புழைப் பகுதி வாத்துகளிடம் அது உறுதியானது. 2021 ஜனவரியில் தமிழ்நாடு, கேரளத்துக் கோழி, வாத்து, முட்டைக்குத் தடை போட்டது. வாளையாறிலிருந்து குமுளி வரை சோதனைச்சாவடிகளில், நாமக்கல் முட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிகளுக்கும் மருந்துக் குளியல். இடுக்கித் தோட்டத்திலிருந்து கம்பத்து அம்மா வீட்டுக்கு ஒரு விடைக்கோழியைப் பையில் போட்டுக் கொண்டுவருவதும் அந்த வாரங்களில் சட்ட விரோதம்.

நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எல்லாப் பறவைகளும் அழிக்கப்பட்டன. பத்தாயிரம் வாத்துப் பண்ணைக்கும் மூன்று கோழிக் கொல்லைக்கும் ஒரே விதி. வைரஸ் ஆள் பார்த்துத் தொற்றுவதில்லை என்பதால் விதியில் தப்பில்லை. இழப்பீட்டில்தான் இடிக்கிறது. 2021இல் கேரளம் தந்தது இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், சிறியதற்கு 100, முட்டைக்கு 5. பண்ணையில் ஒரு பறவை போனால் அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம். கொல்லையில் போவது, தெருவுக்கே குஞ்சு பொரித்துத் தந்த தாய். அந்த 200 ரூபாய் கறிக்கோழியின் விலை. அடைக்கோழியின் விலை அல்ல.

இப்போதைக்குக் குளக்கரையில் கோழி கத்திக்கொண்டிருக்கிறது. சற்று நேரத்தில் குஞ்சுகள் ஈரத்தோடு கரையேறும். கோழி சலிக்காமல் இறக்கைக்குள் சேர்த்துக்கொள்ளும்.