கிழிக்கப்பட்ட ஒப்பந்தங்கள்

இலங்கையில் தமிழர்களுக்கு ஆளுங்கட்சி எதையாவது கொடுக்க முன்வந்தபோதெல்லாம் எதிர்க்கட்சி குறுக்கே நின்றது. கட்சிகள் இடம் மாறின; வேலை மாறவில்லை. அதற்குத் தீவு கொடுத்த விலை ஒரு போர்.

1958 ஏப்ரல் 9. கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயகாவின் வீட்டு வாசலில் புத்த பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்துடன் எட்டு மாதங்களுக்கு முன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பிரதமர் பணிந்தார். வெறும் வாய்ச்சொல் போதாது என்றார்கள், எழுதியும் கொடுத்தார். அடுத்த மாதமே தீவின் பல பகுதிகளில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். தலைநகரில் வீடு வாசல் இழந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1959 செப்டம்பரில் பண்டாரநாயகாவைச் சுட்டுக் கொன்றவரும் ஒரு பிக்குதான்.

அந்த ஒப்பந்தம் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பிராந்திய சபைகள். விவசாயம், கல்வி, நிலக் குடியேற்றம் போன்றவற்றில் அவற்றுக்கு அதிகாரம். தமிழ், தேசிய சிறுபான்மையினரின் மொழியாக அங்கீகரிக்கப்படும். வடக்கு, கிழக்கில் நிர்வாகம் தமிழில் நடக்கும். தனி நாடு பற்றிப் பேச்சே இல்லை. அதற்குப் பின் வந்த அரை நூற்றாண்டுச் சாவுகளை நினைத்தால், 1957 ஜூலை 26ல் கையெழுத்தான இந்தச் சில பக்கங்கள் எவ்வளவு மலிவான தீர்வு என்பது புரியும்.

சிங்களர்களும் தமிழர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளாக வெட்டிக்கொள்கிறார்கள் என்று இரு பக்கத்திலும் சொல்பவர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் அப்படிக் காட்டவில்லை. 1915ல் சிங்கள - முஸ்லிம் கலவரத்தை அடக்குவதாகச் சொல்லி பிரிட்டிஷ் அரசு சிங்களத் தலைவர்களைச் சிறையில் தள்ளியபோது, அவர்களுக்காக லண்டன் வரை போய் வாதாடியவர் பொன்னம்பலம் ராமநாதன் என்ற தமிழர். 1919ல் உருவான இலங்கை தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அவருடைய தம்பி அருணாசலம். இலங்கைக்குக் கூட்டாட்சியே பொருத்தம் என்று 1926ல் பிரசாரம் செய்த இளைஞர் வேறு யாருமல்ல, இதே பண்டாரநாயகாதான்.

திருப்பம் வாக்குப் பெட்டியோடு வந்தது. 1931ல் ஆசியாவிலேயே முதன்முறையாக இலங்கையில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. மக்கள்தொகையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிங்களர்கள். அவர்களுடைய வாக்குகளை மட்டும் திரட்டினாலே ஆட்சியைப் பிடிக்கலாம் என்ற கணக்கு அரசியல்வாதிகளுக்குப் புரிய அதிக காலம் ஆகவில்லை. இதைக் கண்டு அஞ்சிய ஜி.ஜி. பொன்னம்பலம், சட்டசபை இடங்களில் பாதி சிறுபான்மையினருக்கு வேண்டும் என்று கேட்டார். பிரிட்டிஷார் மறுத்தார்கள். 1948 பிப்ரவரி 4ல் சுதந்திரம் வந்தபோது தமிழர்களிடம் எண்ணிக்கையும் இல்லை, அதற்கு ஈடான பாதுகாப்பும் இல்லை.

முதல் அடி மலையகத்தில் விழுந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சாய்வதை ஐக்கிய தேசியக் கட்சி கவனித்திருந்தது. 1948ன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் பெரும்பாலான தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கி, வாக்காளர் பட்டியலிலிருந்தும் நீக்கின. 1964ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்துப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம். சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பொன்னம்பலம் அரசில் சேர்ந்ததை ஏற்காமல் பிரிந்து வந்த செல்வநாயகம் 1949ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கோரிக்கை கூட்டாட்சி; ஆயுதம் சத்தியாகிரகம்.

1956 தேர்தலில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கத்துடன் பண்டாரநாயகா இறங்கினார். வாக்கு பறிபோகிறதே என்று பதறிய ஐக்கிய தேசியக் கட்சியும் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு அதே கொள்கைக்குத் தாவியது. தாமதம் பலிக்கவில்லை. ஜூன் 5ல் சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்துக்கு வந்த அன்று, காலிமுகத் திடலில் அமைதியாக உட்கார்ந்திருந்த தமிழ்த் தலைவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்ற கருத்தைச் சபையில் முன்வைத்து எச்சரித்தவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா.

தான் ஏற்றிய தீயின் சூடு தெரிந்ததும் பண்டாரநாயகா செல்வநாயகத்துடன் பேசினார். இப்போது ஐக்கிய தேசியக் கட்சியின் முறை. ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே.ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். யாத்திரையை வழியில் இம்புல்கொடவில் ஆளுங்கட்சிக்காரர்கள் மறித்துவிட்டாலும் காரியம் நடந்துவிட்டது. சில மாதங்களில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

எட்டு ஆண்டுகளில் இரண்டாவது ஆட்டம். 1965 மார்ச்சில் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயகா செல்வநாயகத்துடன் உடன்பாடு செய்தார்: மாவட்ட சபைகள், தமிழ் மொழிக்கு விதிமுறைகள். எதிர்த்துத் தெருவில் இறங்கியது சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி. மொழி பற்றி எச்சரித்த இடதுசாரிகளும் பதவிக் கூட்டணிக்காக அதன் பின்னால் நின்றார்கள். 1966 ஜனவரி 8ல் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு ஒரு பிக்கு இறந்தார். 1968ல் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. 1972ல் வந்த குடியரசு அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. சிறுபான்மையினருக்கு முன்பிருந்த பாதுகாப்புப் பிரிவு காணாமல் போனது. அதை வடித்துக் கொடுத்த அமைச்சர் அதே கொல்வின் டி சில்வா.

ஒவ்வொரு ஒப்பந்தம் கிழிந்தபோதும் தமிழர் தரப்பில் பேசுபவரின் குரல் தணிந்து, அடிப்பவரின் குரல் உயர்ந்தது. பல்கலைக்கழக அனுமதி விவகாரம் இதை விரைவுபடுத்தியது. 1970களின் தொடக்கத்தில் பொறியியலுக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227 மதிப்பெண் போதும். தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும். படிப்பையே முதலாக நம்பிய யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு செல்வநாயகத்தின் பொறுமை அர்த்தமற்றதாகத் தோன்றியது. 1976ல் வட்டுக்கோட்டையில் அந்த முதியவரே தனித் தமிழீழத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். மறு ஆண்டு தேர்தலில் 18 இடங்களைப் பிடித்த தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியாக அமர்ந்தபோது செல்வநாயகம் உயிரோடு இல்லை. எதிரே பிரதமர் நாற்காலியில் இருந்தவர் 1957ன் பாதயாத்திரைக்காரர் ஜெயவர்த்தனா.

அவர் கொடுத்த மாவட்ட அபிவிருத்தி சபைகளுக்குத் தேர்தல் நடக்க இருந்த வாரத்தில், 1981 ஜூன் 1 விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சாம்பலானது. சுமார் 97,000 நூல்கள். இரண்டு அமைச்சர்கள் அந்த நகரிலேயே தங்கியிருந்தார்கள். 1983 ஜூலை 23ல் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்ததும் கொழும்பு எரிந்தது. கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் தொலைக்காட்சியில் பேசிய ஜனாதிபதியிடமிருந்து தமிழர்களுக்கு ஒரு ஆறுதல் சொல் வரவில்லை. பிரிவினையைத் தடை செய்யும் ஆறாவது திருத்தம் வந்தது, கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். நாடாளுமன்றத்தில் தமிழர் காலியாக விட்ட இடத்தை, இந்தியாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய துப்பாக்கி இளைஞர்கள் களத்தில் நிரப்பினார்கள்.

1987 ஜூலை 29ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விளைவு, வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்த ஏற்பாடும், மாகாண சபைகளைத் தந்த 13வது திருத்தமும். சுதந்திரக் கட்சி எதிர்த்தது. ஜே.வி.பி. ஆயுதம் தூக்கியது. பிரதமர் பிரேமதாசாவே முகம் சுளித்தார். புலிகளும் ஏற்கவில்லை. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் அவர்களுடன் போரிட நேர்ந்து, சுமார் 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பியது. சமரசத்துக்குத் தடை இப்போது கொழும்பில் மட்டும் இல்லை. 1989ல் அமிர்தலிங்கம், 1999ல் அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான நீலன் திருச்செல்வம் என்று பேசத் தயாரான தமிழர்களைப் புலிகள் கொன்றார்கள். 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் பலியானார். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் விரட்டப்பட்டார்கள். பெரும்பான்மையின் ஆணவத்தை எதிர்த்துக் கிளம்பிய இயக்கம் தன் ஆட்சிப் பரப்பில் சிறுபான்மையினரை இப்படி நடத்தியது.

சந்திரிகா குமாரதுங்கா 2000 ஆகஸ்டில் கொண்டுவந்த புதிய அரசியல் சட்ட முன்வரைவை ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே எரித்தார்கள். 2002ல் ரணில் விக்கிரமசிங்க போர்நிறுத்தம் செய்தபோது அவரைக் கவிழ்க்க முந்தியவர் சந்திரிகா. பேச்சிலிருந்து புலிகளும் 2003ல் விலகினார்கள். மிச்சம் போர்தான். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அது முடிந்தபோது கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011ல் சொன்னது. அரசு மறுத்தது.

எஞ்சியிருப்பது 13வது திருத்தம் ஒன்றுதான். வடக்கு - கிழக்கு இணைப்பு செல்லாது என்று ஜே.வி.பி.யினர் தொடுத்த வழக்கில் 2006ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம், போலீஸ் அதிகாரங்கள் எழுத்தில் இருக்கின்றன. முழுமையாகக் கைமாறியதே இல்லை. 2013ல் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. பிறகு பல ஆண்டுகள் ஆளுநர்களே மாகாணத்தை நடத்தினார்கள்.

2024ல் அந்த ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். அவரது தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐ வென்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் ஆறில் மூன்று. கொடுக்க நினைத்தால் தடுக்க வலுவான எதிர்க்கட்சி இல்லாத நிலை பண்டாரநாயகாவுக்கோ டட்லிக்கோ வாய்த்ததில்லை. எதிர்க்கட்சி விடவில்லை என்ற பழைய சாக்கு இனி செல்லுபடியாகாது. ராணுவத்திடம் உள்ள காணிகள் உரியவரிடம் திரும்புமா, மாகாண சபைகளுக்கு அதிகாரம் போகுமா என்பதற்கான பதிலை யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மட்டும் எதிர்பார்க்கவில்லை. 1983க்குப் பின் படகேறி வந்து, தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை, பேரப்பிள்ளைகளைப் பெற்ற ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பிப் போவதா, இங்கேயே குடியுரிமை கேட்பதா என்று முடிவெடுப்பதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.