புழுக்கை பொறுக்கும் கூடத்தில்

உள்ளே விட்டுவிட்டார்கள்! அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் சுண்டெலிக் கூடம் இது. வெளியாட்களுக்கு இந்தக் கதவு திறப்பது அபூர்வம். சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். கவுன், தலையுறை, முகக்கவசம், இரண்டு அடுக்குக் கையுறை, ஷூவுக்கு மேல் நீல உறை எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் முதுகில் வியர்வை ஓடுகிறது. "செண்ட் போட்டிருக்கிறீர்களா?" என்று வாசலிலேயே மடக்குகிறார் கூடத்தின் பொறுப்பாளர்.

கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. அப்போதுதான் இணைசேர்ந்த பெண் சுண்டெலியின் மூக்கில் வேறோர் ஆணின் வாடை பட்டாலே கரு தங்காமல் போகலாம். லண்டனில் ஹில்டா புரூஸ் என்ற விஞ்ஞானி இதைக் கண்டு 1959-ல் எழுதினார். வாடைக்கே இப்படி என்றால், செண்ட் விஷயத்தில் எதற்கு வம்பு!

விடிந்ததும் முதல் வேலை, நேற்று இரவு யார் யார் சேர்ந்தார்கள் என்று பார்ப்பது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒவ்வொரு பெண் எலியாக வாலைப் பிடித்துத் தூக்கி, பின்புறத்தில் வெள்ளையாக ஓர் அடைப்பு தெரிகிறதா என்று தேடுகிறாள். ஆணின் விந்து உறைந்து உண்டாகும் அடைப்பு அது. சில மணி நேரத்தில் விழுந்துவிடும், அதனால் தூங்கி எழுந்து சாவகாசமாக வந்தால் நாள் போச்சு. தெரிந்துவிட்டால் கூண்டு அட்டையில் தேதி ஏறும். இன்று அரை நாள் கர்ப்பம். மொத்தமே 3 வாரம்தான் இவர்களுக்கு. பத்துக் கூண்டு வெறுமையாகப் போனபின் ஒன்று கிடைத்ததும் அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வரிசையிலிருந்து கைதட்டல் வருகிறது.

ஜோடிப் பொருத்தம்தான் இங்கே சுவாரசியம். பெண் எப்போதும் சிபிஏ என்ற சுண்டெலி வகை. மாப்பிள்ளை டிபிஏ வகையாக இருந்தால் கருக்கள் நிறையக் கலைகின்றன. வெள்ளைநிற பால்ப்-சி வகையாக இருந்தால் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. 1980களிலிருந்து கருச்சிதைவு ஆராய்ச்சியில் புழங்கும் ஜோடிகள் இவை. பாதி தகப்பனுடையதான கருவைத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்று 1953-ல் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி கேட்ட கேள்வியின் வாரிசுகள் என்றும் சொல்லலாம். எனக்குத் தூக்கம் கலைந்தது அடுத்த சங்கதியில். அதே ஜோடியை வேறு கூடத்துக்கு மாற்றினால் கலையும் கணக்கே மாறுகிறது! அப்பா அதே, அம்மா அதே. அப்படியானால் மாறியது என்ன? தண்ணீர், தீனி, படுக்கை, அவற்றோடு குடலில் குடியேறும் பாக்டீரியாக்கள். பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள் ஒன்றை ஊசியில் ஏற்றினாலே கர்ப்பிணிச் சுண்டெலியின் உடலில் அழற்சி கிளம்பிக் கரு கலைந்துவிடும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. குடலிலிருந்தே அந்தத் தீ கிளம்புகிறதா என்பதுதான் இவர்களின் கேள்வி.

பதில் புழுக்கையில் இருக்கிறது. ஆமாம், புழுக்கை பொறுக்குகிறார்கள். காலியான டப்பாவில் எலியை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் உடனே போட்டுவிடும். ஒன்று மட்டும் பிடிவாதமாக முகத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. "தயவு செய்து, கண்ணு" என்று கெஞ்சுகிறான் ஆறடி உயரப் பையன் ஒருவன். விழுந்ததும் இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டு ஐஸில் புதைக்கிறான். முகத்தில் லாட்டரி விழுந்த சந்தோஷம்.

அடுத்த அறையில் பெரிய பிளாஸ்டிக் கூடாரம் ஒன்று, பக்கவாட்டில் நீண்ட ரப்பர் கைகளோடு நிற்கிறது. குடல் பாக்டீரியாக்களில் பல, ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போகும். அதனால் உள்ளே நைட்ரஜனும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும்தான். அந்தக் கைகளுக்குள் தோள்வரை நுழைத்துக்கொண்டு புழுக்கையை உப்புநீரில் கரைக்கிறாள் இன்னொருத்தி. மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை, தோழிதான் வந்து சொறிந்துவிடுகிறாள்! கூடாரத்தின் மேல் யாரோ எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: "சாப்பாடு இங்கே வைக்காதீர்கள்."

பாக்டீரியா மாறினால் கரு கலைவதும் மாறுகிறதா என்று பார்க்க, அந்தக் கரைசலை உருண்டை முனையுள்ள ஊசியால் வேறு எலிகளின் வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். ஒரு தொல்லை என்னவென்றால், சுண்டெலிகள் ஒன்றன் புழுக்கையை மற்றொன்று தின்னும். ஒரே கூண்டில் இருந்தால் எல்லாருக்கும் ஒரே பாக்டீரியாக் கூட்டம் வந்துவிடும். எனவே குழுவுக்குக் குழு தனிக்கூண்டு, தனிப் படுக்கை. கழுவ வேண்டிய கூண்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன.

கடைசி மேசையில் பேச்சுக் குறைகிறது. 13-ஆம் நாளை ஒட்டிய கர்ப்பிணிகள் இவை. தாய் உயிரோடு இல்லை. கருப்பை இரண்டு கிளையாக விரித்து வைக்கப்பட்டிருக்கிறது, மல்லிகைச் சரத்தில் மொட்டுகள் போலக் கருக்கள். உருண்டு திரண்டவை பிழைத்தவை. நடுநடுவே சிறுத்துக் கறுத்தவை கலைந்தவை. தாயின் உடலே அவற்றை உறிஞ்சிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. எந்தக் கூண்டு எந்தக் குழு என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது, அட்டைகளை மறைத்துவிடுகிறார்கள். முதலில் ஒருத்தி எண்ணுகிறாள், பிறகு வேறொருத்தி. ஒன்று ஒத்துவரவில்லை. இருவரும் குனிந்து முதலிலிருந்து எண்ணுகிறார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்ததில் எனக்கு இவர்கள் மேல் பெருமதிப்பு வந்துவிட்டது.

கூடத்தில் பார்த்ததை வைத்து வீட்டில் யாரும் வைத்தியம் தொடங்கிவிடாதீர்கள். இது சுண்டெலிக் கணக்கு. கர்ப்பிணிக்குப் பாக்டீரியா மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பெண்களுக்குத் தொடக்க மாதங்களில் ஏற்படும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. கரு கலைந்த பெண்ணிடம் "என்ன தின்றாய்?" என்று கேட்பதை நிறுத்துங்கள்.