மலைக்காட்டு நடைக்குப் பின் வரும் காய்ச்சல்: நீங்கள் அறிய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை ஓய்ந்திருக்கும் நாள்களில் ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் போன்ற இடங்களின் காட்டுப் பாதைகளில் நடந்துவரப் பலரும் விரும்புகின்றனர். காலையில் சென்று மாலையில் திரும்பும் இந்த நடை உடலுக்கும் மனத்திற்கும் நன்மை தரும். ஆனால், ஓரிரு வாரங்கள் கழித்து வரும் காய்ச்சலை அந்த நடையோடு தொடர்புபடுத்திப் பார்ப்பவர் குறைவு. அது ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். உரிய காலத்தில் கண்டறிந்தால் எளிதில் குணமாகும் இந்நோய், தாமதித்தால் உயிருக்கு ஆபத்தாகலாம்.

எவ்வாறு பரவுகிறது?

புல், புதர் மண்டிய இடங்களில் வாழும் ஒருவகை நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் இந்நோய்க் கிருமி உடலுக்குள் செல்கிறது. இப்புழு 1 மில்லிமீட்டரை விடச் சிறியது, கடிப்பது வலிக்காது. அட்டை கடித்தால் இரத்தம் வழிவதைக் கொண்டு அறிந்துகொள்கிறோம். இதை அவ்வாறு அறிய இயலாது. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகத் தொற்றாது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தென் கொரியாவில் இலையுதிர் காலமே இதன் உச்சப் பருவம்.

அறிகுறிகள் யாவை?

கடிபட்ட 6 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடல்வலி, குளிர்நடுக்கம் ஆகியவை தோன்றலாம். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதைப் போன்ற, வலியற்ற கருநிறப் பொருக்கு காணப்படலாம். இது பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் கீழ்ப்பகுதி போன்ற மறைவான இடங்களில் இருப்பதால், நோயாளியே அதை அறியாதிருக்கலாம். எனவே பராமரிப்பாளர்கள், நோயாளியின் ஒப்புதலுடன் நல்ல வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை அணுகுங்கள். எந்த நாளில், எந்தக் காட்டுப் பாதையில் நடந்தீர்கள் என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே கூறுங்கள். சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடிய தகவல் இது. டெங்கு இல்லை எனப் பரிசோதனையில் தெரிந்த பிறகும் காய்ச்சல் நீடித்தால், உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனை தேவையா எனக் கேளுங்கள்.

டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவை இதற்குரிய மருந்துகள். அமாக்சிசிலின் போன்றவை இக்கிருமியின் மீது செயல்படா. ஆகவே வீட்டில் மீந்திருக்கும் மாத்திரைகளை உட்கொண்டு நாள்களைக் கடத்தாதீர்கள். கருவுற்றவர்கள் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய பின் பொதுவாக இரண்டு நாள்களில் காய்ச்சல் தணியும். அதன் பின்னரும் மருந்தை முழுமையாக உட்கொள்ள வேண்டும்.

மூச்சுத்திணறல், மனக்குழப்பம், வலிப்பு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தடுப்பது எவ்வாறு?

• இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை; கடிபடாமல் காத்துக்கொள்வதே வழி.
• முழுக்கைச் சட்டையும் முழுநீளக் கால்சட்டையும் அணிந்து, கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.
• பூச்சிவிரட்டிக் களிம்பை உறையில் உள்ள அறிவுரைப்படி பூசுங்கள்.
• பாதையின் நடுவில் நடங்கள்; புல்லின் மீது நேரடியாக அமரவோ படுக்கவோ வேண்டா.
• வீடு திரும்பியதும் சோப்பு தேய்த்துக் குளித்து, அணிந்த துணிகளை வெந்நீரில் துவையுங்கள்.

நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு

நீரிழிவு, இதயநோய், சிறுநீரகநோய் உள்ளவர்கள் மலையேறும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் திரும்பியதும் பாதங்களில் காயம் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்கு அட்டைக்கடியில் இரத்தக்கசிவு நீடிக்கலாம்.

நடந்துவந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதலில் கூற வேண்டியது அந்நாளையே.