சுவர் சுமக்காத கூரை

இங்கிலாந்தின் கிராமங்களில் பழைய தானியக் களஞ்சியங்கள் பல இன்று விடுமுறை வாடகை வீடுகளாகிவிட்டன. தாத்தா பாட்டி முதல் பேரக்குழந்தைகள் வரை ஒரே மேசையில் சாப்பிடலாம். கூடத்தின் குறுக்கே ஒரு சுவரும் கிடையாது. நாம் நெற்கதிரை அடிப்பதுபோலக் கோதுமைக் கதிரை அடித்துத் தூற்றக் கட்டிய இடம், குடும்பம் கூட இவ்வளவு தோதாக இருப்பது எப்படி?

முதல் ரகசியம் மரச்சட்டகம். தூண்களும் உத்தரங்களும் கோத்த எலும்புக்கூடு அது. கூரையின் பாரம் முழுவதும் ஓக் மரத் தூண்கள் வழியே தரைக்கு இறங்கும். பக்கச் சுவர் மழையையும் காற்றையும் தடுத்தால் போதும். லண்டனின் விளிம்பில் உள்ள ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426-இல் எழுந்த களஞ்சியம் 58 மீட்டர் நீளம். ஐந்து பேருந்துகளை வரிசையாக உள்ளே நிறுத்தலாம். அது இன்றும் உறுதியாக நிற்கிறது.

இணைப்புகளில் இருக்கிறது அடுத்த வியப்பு. ஒரு மரத்தில் குழி, மற்றதன் முனையில் நாக்கு. இரண்டிலும் ஆணித்துளைகளைத் தச்சர்கள் வேண்டுமென்றே சற்று விலக்கித் துளைத்தார்கள். மர ஆணியை அடித்து இறக்கும்போது அது இரண்டையும் இழுத்து இறுக்கிவிடும். ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே இழைத்தார்கள்; காயக் காய அது இரும்பாக இறுகியது.

கதவுகள் எதிரெதிரே இருப்பதும் காரணத்தோடுதான். பாரவண்டி ஒரு கதவு வழியே நுழையும். நடுத்தளத்தில் கதிரடித்தபின் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டுத் தூற்றினால், குறுக்கே வீசும் காற்று பதரை அள்ளிச் செல்லும். மணி காலடியில் விழும். இன்று அதே வாசல்களில் உயரமான கண்ணாடி. காற்று வந்த வழியே இப்போது வெளிச்சம் வருகிறது.

ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மீக்கிள் 1780-களில் கதிரடி இயந்திரத்தை உருவாக்கினார். பின்னர் அறுவடை இயந்திரம் வயலிலேயே அடித்துத் தூற்றியது. களஞ்சியத்துக்கு வேலை போனது.

அதை வீடாக்குவது எளிதல்ல. சூடான காற்று உயர்ந்த கூரைக்கு ஏறிவிடும். கீழே இருப்பவர்கள் குளிரில் நடுங்குவார்கள். அதனால் தரைக்கடியில் குழாய் பதித்து வெந்நீர் ஓட்டுகிறார்கள். பழைய சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிக்கி மரம் உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியேற விடும். வௌவால்கள் குடியிருந்தால் அவற்றின் இருப்பிடத்தையும் சட்டம் காக்கிறது. உரிமமின்றி அதில் கைவைக்க முடியாது.

அப்படி ஒரு வீட்டில் தங்க வாய்த்தால், தூண்களையும் உத்தரங்களையும் நெருங்கிப் பாருங்கள். சிலவற்றில் உளியால் கீறிய ரோமானிய எண்கள் தெரியும். தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்துக் கழற்றிய மரங்களை, எது எதனோடு சேரும் என்று தவறாமல் மீண்டும் பூட்டத் தச்சர்கள் இட்ட அடையாளங்கள் அவை. குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.