டிகிரியில் மார்க் குறைவா? பி.எட். சேர வழி இருக்கு!

டிகிரியில் மார்க் குறைந்ததால், "டீச்சர் வேலை நமக்கு இல்லை" என்று பலர் பி.எட். படிப்புக்கு விண்ணப்பிப்பதே இல்லை. ஆனால் கதவு முழுசா மூடவில்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ம் ஆண்டு விதிப்படி, இளங்கலையிலோ முதுகலையிலோ 50 சதவீத மார்க் இருந்தால் போதும். பி.இ., பி.டெக். என்றால் 55 சதவீதம் வேண்டும்.

தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் போதும். இளங்கலையில் கோட்டை விட்டவர்கள், எம்.ஏ., எம்.எஸ்சி.யில் நல்ல மார்க் எடுத்து வரலாம்.

ஆனால் இது விண்ணப்பிக்கத்தான் தகுதி. அரசு ஒதுக்கீட்டு சீட் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது. "மார்க்கே வேண்டாம், பணத்தை கட்டுங்க" என்று புரோக்கர் யாராவது சொன்னால் உஷார்! தகுதி மார்க் இல்லாமல் சேர்ந்தால், பணமும் போய் 2 வருஷமும் வீணாகிவிடும்.