எக்கோ அறையில் கோடு வரையும் வேலை

எக்கோ எடுத்துக்கொண்டவர்களுக்கு நெஞ்சில் தடவிய ஜெல்லும் விலாவில் அழுத்திய ப்ரோபும்தான் நினைவிருக்கும். ஆனால் டெக்னீஷியனின் பொறுமையைச் சோதிப்பது அளவெடுக்கும் வேலை. இதயம் முழுக்க விரிந்த நொடியில் படத்தை நிறுத்தி, இடது கீழறையின் உள்விளிம்பைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். சுருங்கிய நொடியில் மறுபடி ஒன்று. ஒரு துடிப்பில் கீழறை எத்தனை பங்கு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது இதிலிருந்துதான் தெரியும். ரிப்போர்ட்டில் எல்லோரும் தேடும் ஈ.எஃப். சதவீதம் அதுவே. ஒரே படத்தை இருவர் அளந்தால் விடை ஒன்றாக வருவதில்லை. துடிப்பு தாறுமாறாக இருந்தால் பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும்; வெளியே வரிசை நீளும்போது அதற்கு யாருக்கு நேரம்? செயற்கை நுண்ணறிவிடம் முதலில் ஒப்படைக்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான் என்பது என் கட்சி.

லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் நடந்து, 2023இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இதற்குப் பலம் சேர்க்கிறது. 3,495 எக்கோக்களில் ஒரு பாதிக்கு செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் மறுபாதிக்கு டெக்னீஷியன்களும் முதல் அளவைப் போட்டார்கள். எது யார் போட்டது என்று சொல்லாமல் இதய மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். டெக்னீஷியன் அளவுகளில் 27.2 சதவீதத்தைக் கணிசமாகத் திருத்திய அவர்கள், மென்பொருளின் அளவுகளில் 16.8 சதவீதத்தைத்தான் திருத்தினார்கள். பழகிய இடத்தில்தான் இது ஓடும் என்ற ஆட்சேபம் இங்கே நிற்காது; அந்த மென்பொருள் பயின்றது ஸ்டான்ஃபோர்டின் படங்களில். ஆனால் ஏறக்குறைய ஆறில் ஒன்று திருத்தப்பட்டதையும் மறைக்கக் கூடாது. உடல் பருமனாலோ நுரையீரல் நோயாலோ விளிம்பு மங்கிய படத்தில் அனுபவசாலி தயங்குவார்; மென்பொருள் தயங்காமல் ஓர் எண்ணை நீட்டிவிடக்கூடும். அதனால் எண்ணோடு, தான் வரைந்த கோட்டையும் அது திரையில் காட்டியாக வேண்டும். கையெழுத்து மருத்துவருடையதாகவே இருக்கட்டும்.

மிச்சமாகும் நேரம் யாருக்கு என்பது எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி. ஜப்பானின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழக ஆய்வில், மென்பொருள் உதவிய நாட்களில் ஒரு பரிசோதனை 14.3 நிமிடத்திலிருந்து 13 நிமிடமாகக் குறைந்தது. டெக்னீஷியன்களின் மூளைக் களைப்பும் குறைந்தது. கூடவே, ஒரு நாளில் எடுத்த பரிசோதனைகள் 14.1லிருந்து 16.7 ஆயின. காத்திருக்கும் நோயாளிக்கு இது நல்ல சேதிதான். ஆனால் தோள்வலியும் மணிக்கட்டு வலியும் இந்தத் தொழிலின் பழைய தொல்லைகள். அவை கோடு வரைவதைவிட ப்ரோபை அழுத்திப் பிடிப்பதால்தான் அதிகம் வருபவை. ஆட்களைக் கூட்டாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் அந்தக் கைக்குச் சுமை ஏறத்தான் செய்யும். ஒருவர் ஒரு நாளில் இத்தனை எக்கோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பை, மென்பொருளை வாங்கும்போதே நிர்வாகம் எழுதிவைக்க வேண்டும்.